வருகை இரட்டித்தது, விகிதம் குறைந்தது: தளத்தையே மாற்ற வேண்டுமா?

கடிதம் எழுதிய வாசகர், தம் தங்கையுடன் சேர்ந்து ஐந்து ஆண்டுகளாக இணையவழியில் ஓவியப் பயிற்சி அளிக்கும் தளமொன்றை நடத்திவருகிறார். அவர்களிடம் பெரியவர்களும் பள்ளி மாணவர்களும் கற்கிறார்கள். மாதத்துக்கு 4,000 வருகைகள் பெற்றுவந்த தளம், தேடுபொறியிலும் சமூக ஊடகங்களிலும் விளம்பரம் செய்யத் தொடங்கிய பிறகு 8,000 வருகைகளைத் தொட்டிருக்கிறது. ஆனால் அந்த வருகைகளில் எத்தனை பயிற்சிப் பதிவில் முடிகின்றன என்ற விகிதம் 2 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்கிறார் தங்கை. தளத்தை வடிவமைத்தவரோ, தளம் பழையதாகிவிட்டது, முழுவதையும் மாற்றினால்தான் தீரும் என்கிறார். கட்டுரைப் பக்கங்களின் ‘பவுன்ஸ் ரேட்’ (வேறு எதையும் தொடாமல் திரும்பிவிடும் வருகைகளின் விகிதம்) 85 சதவீதம் என்று சொல்லும் 2022ஆம் ஆண்டின் அறிக்கையைக் காட்டி, அந்தக் கட்டுரைகளை நீக்கிவிடவும் சொல்கிறார்.

இவை தவிர வேறு குழப்பங்களும் வாசகருக்கு இருக்கின்றன. சர்வர் நிறுவனத்தின் கணக்கு மாதம் 30,000 வருகைகள் என்கிறது, தளத்துக்கான வருகைகளைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 8,000 என்கிறது. வருகைகளில் 45 சதவீதம் ‘நேரடி’ என்று பதிவாகிறது. மக்களுக்கு எங்கள் பெயர் தெரிந்துவிட்டது என்றுதானே இதற்குப் பொருள் என்று கேட்கிறார். வருபவர்களின் திரை அசைவுகளைப் பதிவு செய்து, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியையும் கண்டுபிடித்துத் தரும் கருவி ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். “தினமும் காலையில் எண்களைப் பார்க்கிறேன். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் அன்று வேலையே ஓடுவதில்லை” என்று அவர் எழுதிய வரி என் மனத்தில் தங்கிவிட்டது.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்துடன் அட்டவணைகளையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. அவை இல்லாமல் இந்தப் பதிலை எழுதியிருக்க முடியாது. நீங்களும் தங்கையும் வடிவமைப்பாளரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மூன்று விதமாக வாதிடுகிறீர்கள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

விகிதம் உண்மையிலேயே குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய இரண்டாவது அட்டவணை, வருகைகளைக் கணினி, கைபேசி என்று சாதன வாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. விளம்பரத்துக்கு முந்தைய மாதத்தில் கணினி வழியாக 2,000 வருகைகள், அவற்றில் 60 பதிவுகள். கைபேசி வழியாக 2,000 வருகைகள், 20 பதிவுகள். அதாவது கணினியில் 3 சதவீதம், கைபேசியில் 1 சதவீதம், மொத்தத்தில் 2 சதவீதம். சென்ற மாதத்தில் கணினி வழியாக அதே 2,000 வருகைகள், 64 பதிவுகள். கைபேசி வழியாக 6,000 வருகைகள், 66 பதிவுகள். கணினியில் 3.2 சதவீதம், கைபேசியில் 1.1 சதவீதம். இரண்டு இடங்களிலும் விகிதம் இறங்கவில்லை, சற்று ஏறியே இருக்கிறது. ஆயினும் மொத்தத்தைக் கணக்கிட்டால் 8,000 வருகைகளுக்கு 130 பதிவுகள், அதாவது சுமார் 1.6 சதவீதம்.

தனித்தனியாக ஏறிய இரண்டு எண்கள் சேர்ந்தபோது இறங்கியது எப்படி? விளம்பரம் கொண்டுவந்த புதியவர்களில் ஏறத்தாழ அனைவரும் கைபேசி வழியாக வந்தவர்கள். கைபேசியில் பதிவு விகிதம் தொடக்கத்திலிருந்தே குறைவு. அந்தக் கூட்டத்தின் பங்கு பாதியிலிருந்து முக்கால் பங்காக உயர்ந்ததும் சராசரி அதன் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சனின் முரண்பாடு என்று பெயர். 1951இல் எட்வர்ட் சிம்ப்சன் எழுதிய கட்டுரையை ஒட்டி வந்த பெயர் அது. உங்கள் தளத்தில் எதுவும் கெட்டுப்போனதற்கு இந்த எண்களில் சான்று இல்லை. அதேபோல, 1 சதவீதம் 1.1 ஆனதை முன்னேற்றம் என்று கொண்டாடவும் இயலாது. 20, 66 போன்ற சிறிய எண்ணிக்கைகளில் அந்த அளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வரும்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வரலாம். விளம்பரத்தை நிறுத்துவதா என்பதை மொத்த விகிதம் தீர்மானிக்கக் கூடாது. கூடுதலாக வந்த 4,000 வருகைகள் கூடுதலாக 50 பதிவுகளைத் தந்திருக்கின்றன. ஒரு மாத விளம்பரச் செலவை 50ஆல் வகுத்தால் ஒரு புதிய மாணவரைச் சேர்க்க நீங்கள் செலவிட்ட தொகை கிடைக்கும். ஒரு மாணவர் செலுத்தும் கட்டணத்தில் உங்கள் நேரம், பொருட்கள், கட்டணச் சேவை ஆகியவற்றுக்கான செலவு போக மிஞ்சுவதைவிட அது குறைவாக இருந்தால் விளம்பரம் தொடரட்டும். அதிகமாக இருந்தால் தங்கை சொல்வது சரி. கணக்கு இவ்வளவுதான் என்றாலும், அதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். கூடிய 50 பேரும் விளம்பரத்தால்தான் வந்தார்களா என்பதை, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறை போன்ற காலங்களில் உங்களைப் போன்ற தளங்களுக்கு வருகை தானாகவே கூடுவது இயல்பு. அடுத்து, உங்கள் தளத்தின் பெயரையே தேடுபவர்களுக்குக் காட்டப்படும் விளம்பரங்களைத் தனியே பிரித்துவிடுங்கள். பெயர் தெரிந்து தேடியவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் உங்களிடம் வந்திருப்பார். அவரை விளம்பரத்தின் கணக்கில் சேர்த்தால் விளம்பரம் தகுதிக்கு மீறிச் சிறந்ததாகத் தெரியும். அந்த வகை விளம்பரத்தை மட்டும் சில வாரங்கள் நிறுத்திவைத்து, மொத்தப் பதிவுகள் குறைகின்றனவா என்று பார்ப்பதில் பெரிய இழப்பு எதுவும் வராது.

கைபேசிப் படிவத்தில் தொடங்குங்கள்

முழுத் தளத்தையும் மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பின்னர் பதிவுகள் கூடினாலும் குறைந்தாலும் காரணத்தைக் கண்டறிய வழியிருக்காது. பக்கங்களின் முகவரிகள் மாறி, பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு நிரந்தரத் திசைதிருப்பல் முறையாக அமைக்கப்படாமல் போனால், தேடுபொறியில் ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த இடத்தையும் இழப்பீர்கள்.

உங்கள் தரவு கைநீட்டிக் காட்டும் இடம் கைபேசிப் பதிவுப் படிவம். கைபேசியில் 1.1, கணினியில் 3.2 என்ற இடைவெளிக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். ஒன்று, படிவம் கைபேசியில் சிரமம் தருகிறது. மற்றொன்று, மக்கள் கைபேசியில் பார்த்துவிட்டு, பிறகு கணினியில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். உள்நுழைவு இல்லாத தளத்தில் அந்த ஒருவரை மென்பொருள் இரண்டு பேராக எண்ணும். இரண்டில் எது என்பதை அறிய, படிவத்தின் முதல் கட்டத்தைத் தொட்டவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை என்பதைச் சாதன வாரியாக அளக்கச் சொல்லுங்கள். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் பாதியில் விட்டுச்செல்கிறார்கள், கணினியில் முடிக்கிறார்கள் என்றால் குறை படிவத்தில் இருக்கிறது. தொடங்குவதே இல்லை என்றால், படிவத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. விளம்பரம் சொல்வதும் வந்திறங்கும் பக்கம் சொல்வதும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அதோடு, சில ஆண்டுகள் பழைய கைபேசி ஒன்றில், வைஃபை இல்லாமல், நீங்களே ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். ஓவியத் தளம் என்பதால் படங்களின் கோப்பு அளவு பெரிதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கூகுள் வகுத்துள்ள அளவுகோலின்படி பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிகளுக்குள் தோன்ற வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிகளுக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும். நான்கில் மூன்று வருகைகளிலாவது இந்த அளவு எட்டப்பட வேண்டும் என்பது கணக்கு. கூகுள் தேடலில் தளம் எப்படித் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்துக்கான இந்த அறிக்கை, போதிய தரவு சேர்ந்திருந்தால், இலவசமாகவே கிடைக்கும்.

வடிவமைப்பாளர் பொத்தானின் நிறத்தை மாற்றிய வாரத்தில் பதிவுகள் கூடியதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இரண்டு வடிவங்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டி ஒப்பிடுவதே முறையான சோதனை. அதிலும், 2 சதவீதம் 3 சதவீதமாக உயர்ந்ததை நம்பத்தக்க வகையில் கண்டறிய, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 3,800 வருகைகள் தேவைப்படும். உங்கள் தளத்துக்கு அது ஒரு மாத வருகை. 2 சதவீதம் 2.2 ஆனதைக் கண்டறிய ஒவ்வொன்றுக்கும் சுமார் 80,000 தேவை. உங்கள் அளவில் அது ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு. ஆகவே நிறம் போன்ற சிறு மாற்றங்களைச் சோதிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், படிவத்தின் கேள்விகளைப் பாதியாகக் குறைப்பது போன்ற பெரிய மாற்றங்களை மட்டும் சோதியுங்கள். எண்கள் சாதகமாகத் தெரிந்த அன்றே சோதனையை நிறுத்திவிடும் ஆசைக்கும் இடம் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே முடிவு செய்த நாள்வரை அது ஓடட்டும்.

அந்த 85 சதவீதம்

வடிவமைப்பாளர் காட்டிய 2022 அறிக்கை, கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் தரவு சேகரிப்பதை நிறுத்திவிட்டது. அதில் ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் சென்றால், அந்தப் பக்கத்தைப் பத்து நிமிடம் ஊன்றிப் படித்திருந்தாலும் ‘பவுன்ஸ்’ என்றே கணக்கிடப்பட்டது. இப்போதைய பதிப்பில் 10 விநாடிகளுக்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது பக்கத்தைப் பார்த்தாலோ, நீங்கள் முக்கியமெனக் குறித்துவைத்த செயல் ஒன்றைச் செய்தாலோ அந்த வருகை பயனுள்ளதாகக் கொள்ளப்படுகிறது. இவற்றில் எதுவும் நடக்காத வருகைகளே ‘பவுன்ஸ்’. பெயர் ஒன்றுதான், அளக்கப்படுவது வேறு. பழைய 85ஐ வைத்து இன்று எந்த முடிவும் எடுக்க முடியாது.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலில் புதியவனாக இருந்தபோது, இதே காரணத்தைக் காட்டி, ஒரு சிறு நிறுவனத்தின் தளத்திலிருந்து பல கட்டுரைகளை நீக்கச் சொன்னேன். விகிதங்கள் அழகாயின. சில மாதங்களில் விசாரிப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போனவர்களில் சிலர், பல வாரங்கள் கழித்து நிறுவனத்தின் பெயரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள் என்பது அதன் பிறகே எனக்கு விளங்கியது. நீக்கியவற்றை மீட்டெடுக்க முடிந்தது, ஆனால் தேடலில் இழந்த இடம் முழுவதுமாகத் திரும்பவில்லை. நிழல் தீட்டுவது எப்படி என்று தேடி வந்தவர், அதற்கான விடையைப் படித்துவிட்டுப் போனால், அந்தக் கட்டுரை தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை நீக்காதீர்கள், அடுத்த படியாக என்ன கற்கலாம் என்று கட்டுரையின் முடிவில் ஓர் இணைப்பைச் சேருங்கள்.

கட்டுரைகளைப் பற்றி முடிவெடுக்க சர்ச் கன்சோலே நல்ல துணை. மக்கள் என்ன சொற்களைத் தட்டியபோது உங்கள் பக்கம் தேடல் முடிவுகளில் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை அது கடந்த 16 மாதங்களுக்குக் காட்டும். பலமுறை தோன்றியும் கிளிக் பெறாத பக்கங்களின் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். நீங்கள் துறைச் சொல்லில் தலைப்பிட்டிருப்பீர்கள், மக்கள் பேச்சுவழக்கில் தேடியிருப்பார்கள். அந்தச் சொல்லைத் தலைப்புக்குக் கொண்டுவருவது செலவில்லாத திருத்தம்.

‘நேரடி’ என்பது ஒரு கலவைப் பெட்டி

‘நேரடி’ என்றால் உங்கள் முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று நினைக்கிறீர்கள். எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கிடைக்காத வருகைகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் விழுகின்றன. செய்தி பரிமாறும் செயலிகளில் பகிரப்பட்ட இணைப்புகள், மின்னஞ்சல் மென்பொருளில் திறந்த செய்திமடல், பிடிஎஃப் கோப்பிலிருந்து சொடுக்கியவை எனப் பலவும் அதில் கலந்திருக்கும். எளிய சோதனை ஒன்று உண்டு: நேரடி வருகைகள் எந்தப் பக்கத்தில் வந்திறங்கின என்று பாருங்கள். முகப்புப் பக்கம் என்றால் பெயர் தெரிந்து வந்திருக்கலாம். நீண்ட முகவரி கொண்ட ஏதோ ஒரு கட்டுரை என்றால், அதை யாரும் நினைவில் வைத்துத் தட்டியிருக்க மாட்டார்கள். யாரோ எங்கோ பகிர்ந்திருக்கிறார்கள்.

வாரந்தோறும் செய்திமடல் அனுப்புவதாகச் சொல்கிறீர்கள், ஆனால் அதிலுள்ள இணைப்புகளில் யுடிஎம் குறிச்சொற்கள் (எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்ல இணைப்பின் முடிவில் சேர்ப்பவை) இல்லை. இன்று முதல் செய்திமடல், சமூக ஊடகப் பதிவு, விளம்பரம் ஆகியவற்றில் தரும் ஒவ்வொரு இணைப்பிலும் மூலம், ஊடகம், பரப்புரை ஆகிய மூன்று குறிச்சொற்களைச் சேருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறினால்கூட வேறு மூலமாகப் பதிவாகிவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். பயன்படுத்தும் சொற்களை நீங்களும் தங்கையும் ஒரு விரிதாளில் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகளில் இவற்றைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், அவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் குழம்பிவிடும்.

30,000க்கும் 8,000க்கும் உள்ள வேறுபாட்டில் அதிகம் கவலைப்பட வேண்டாம். சர்வர் கணக்கில் தேடுபொறிகளின் பாட்களும் பிற தானியங்கி நிரல்களும் சேர்ந்திருக்கும். அனலிட்டிக்ஸ் அறியப்பட்ட பாட்களை விலக்குகிறது. ஆனால் விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துபவர்களையும், குக்கீ (திரும்பி வருபவரை அடையாளம் காண உலாவியில் சேமிக்கப்படும் சிறு குறிப்பு) வேண்டாம் என்றவர்களையும் தவறவிடுகிறது. சஃபாரி உலாவி, பக்கத்திலுள்ள நிரல் எழுதும் குக்கீயை 7 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பதால், இரு வாரம் கழித்துத் திரும்பி வருபவர் புதியவராகவே எண்ணப்படுவார். இரண்டுமே தலைக்கணக்கு அல்ல. ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே மாதங்களை ஒப்பிடுங்கள். அனலிட்டிக்ஸ் அமைப்பில் ஆழ்ந்த ஆய்வுக்கான தரவு, நீங்கள் மாற்றாவிட்டால், 2 மாதங்கள் மட்டுமே வைத்திருக்கப்படும். அதை 14 மாதங்களாக மாற்றுவதை இன்றே செய்யுங்கள்; கடந்துபோனதை அது மீட்டுத் தராது.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லும் கருவி

பெயர் தெரிவிக்காமல் உலவ வந்தவரின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்துத் தரும் கருவியை வாங்காதீர்கள். அவர் அதை உங்களுக்குத் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒன்றியத்துக்கு வெளியே இருந்தபடி அங்குள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிப்பவர்களுக்கும் பொருந்தும். உங்கள் மாணவர்களில் சிலர் அங்கிருந்து சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டியே குறியிட்டு வைத்த பெட்டி செல்லத்தக்க ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் தளத்தில் ஏற்கெனவே குறியிட்டுக் காட்டப்படும் குக்கீ அறிவிப்பையும் திருத்த வேண்டும். உங்களிடம் சிறுவர்களும் படிக்கிறார்கள் என்பது பொறுப்பை இன்னும் கூட்டுகிறது. சிறுவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும் வயது வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமாவது வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசியுங்கள்.

திரையைப் பதிவு செய்யும் வசதி அவ்வளவு மோசமானதல்ல. ஒப்புதல் பெற்று, படிவத்தில் தட்டப்படும் எழுத்துகள் முழுவதும் மறைக்கப்பட்டு, சில வாரங்களுக்கு மட்டும், கைபேசிப் படிவம் உள்ள பக்கத்தில் மட்டும் பயன்படுத்தினால் உதவும். இதோடு வேறொன்றையும் சரிபாருங்கள்: பதிவு முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியில் மாணவரின் மின்னஞ்சல் தெரிகிறதா? நீங்கள் அனுப்பிய படம் ஒன்றில் அப்படித் தெரிகிறது. அந்த முகவரி அப்படியே அனலிட்டிக்ஸுக்குச் செல்கிறது; தனிநபரை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் வடிவமைப்பாளரிடம் கேட்டுச் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

தினமும் காலையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு நான்கைந்து பதிவுகள் வரும் தளத்தில், தினசரி ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமே இருக்காது. அதைப் பார்த்து வருந்துவதில் உங்கள் காலைப் பொழுது வீணாக வேண்டாம். தளம் இயங்குகிறதா, படிவம் வந்து சேர்கிறதா என்பதை மட்டும் தானியங்கி எச்சரிக்கைக்கு விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை தங்கையுடன் உட்கார்ந்து, கணினி, கைபேசி எனப் பிரித்த பதிவுகள், ஒரு மாணவருக்கான விளம்பரச் செலவு, தேடலில் தோன்றிய புதிய சொற்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பதிவுப் படிவத்தில் நீக்க வேண்டிய கேள்விகளை நீக்கிவிட்டு, ஒன்றைச் சேருங்கள்: “எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?” விருப்பப் பட்டியல் வேண்டாம், வெற்றுக் கட்டமாகவே இருக்கட்டும், நிரப்புவதும் கட்டாயமாக வேண்டாம். நண்பர் சொன்னார், மகளின் ஆசிரியை அனுப்பினார், சென்ற ஆண்டு உங்கள் கட்டுரையைப் படித்தேன் என்றெல்லாம் மக்கள் அதில் எழுதுவார்கள். ‘நேரடி’ என்ற பெட்டிக்குள் இருப்பவர்கள் யார் என்பது அதிலிருந்துதான் உங்களுக்குத் தெரியவரும்.